'வண்டி ஏன் நிக்குது?' - லாரி டிரைவர்களுக்கு யார் நல்ல மேனேஜர்?

ராயப்பன்பட்டி பக்கம் எந்த மாசம் போனாலும் ஏதாவது ஒரு பந்தல்ல திராட்சை வெட்டு நடந்துக்கிட்டு இருக்கும். நாட்டின் மற்ற பகுதிகளில் திராட்சைக்கு ஒரு சீசன்தான். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க அறுவடை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமையாகச் சொல்லப்பட்ட விஷயங்களில் இதுவும் ஒண்ணு.

வருஷம் முழுக்க அறுவடைன்னா, வருஷம் முழுக்க ராத்திரிப் பயணம்னும் அர்த்தம். பன்னீர் திராட்சை வெட்டின பிறகு ரொம்ப நாள் தாங்காது. பெரிய மார்க்கெட் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கு. பகல்ல வெட்டி, பெட்டியில அடுக்கி, சாயங்காலம் ஏத்தி, ராத்திரியோடு ராத்திரியா குமுளியோ கம்பம்மெட்டோ ஏறி, விடியும்போது மார்க்கெட்ல இறக்கணும்.

இந்தப் பயணத்தில் ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் பேசுறது டிரைவரைப் பத்தி மட்டும்தான். 'தூங்கிட்டான்', 'வேகமா வந்தான்', 'குடிச்சிருப்பான்.' அந்த வண்டியை அந்த நேரத்துக்கு அனுப்பினது யாருன்னு பெரும்பாலும் யாரும் கேட்கிறதில்லை.

மேனேஜர்னதும் டை கட்டின ஆளை நினைக்காதீங்க. இந்த ஊர்ப்பக்கம் அது வண்டி ஓனராக இருக்கலாம், புக்கிங் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற அண்ணனா இருக்கலாம். இன்ஜினீயரிங் முடிச்சிட்டு வந்து, அப்பாவோட ரெண்டு வண்டியை வாட்ஸ்அப்ல ஓட்டிக்கிட்டு இருக்கிற உங்க ஃப்ரெண்டாகவும் இருக்கலாம். இவங்களுக்குன்னு பாடப்புத்தகம் எதுவும் இல்லை. ஆனா, ஒரே ஒரு பரீட்சை இருக்கு. அதில் இவங்க தேறுறாங்களா இல்லையாங்கிறதுலதான் டிரைவரோட உசிரு இருக்கு.

எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டின்னு வைங்க. லோடு ஏத்த ஆள் வரலை, பெட்டி பத்தலை, தோட்டத்துல மழை... ஏதோ ஒண்ணு. கிளம்பும்போது பத்து மணி. அந்தப் பக்கம் வியாபாரி காலையில அஞ்சு மணிக்கே சரக்கு வேணும்கிறார். போன அந்த ரெண்டு மணி நேரத்தை யார் கணக்குல எழுதுறது?

"தம்பி, கொஞ்சம் அழுத்திப் போயிருப்பா, பார்ட்டி கத்துறாரு"ன்னு சொல்றது ஈஸி. அந்த நிமிஷமே ரெண்டு மணி நேரமும் டிரைவர் தலையில ஏறிடுச்சு. ராத்திரிச் சாப்பாட்டுல கொஞ்சம், டீக்கடையில கொஞ்சம், மிச்சம் தூக்கத்துல இருந்து எடுத்துத்தான் அவர் அதைக் கட்டணும். நல்ல மேனேஜர் போனை வேற பக்கம் திருப்புவார். வியாபாரியைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, லோடு லேட்டு. ஏழு மணிக்கு வரும். அதுக்கு முன்னாடி வராது"ன்னு சொல்லிடுவார். திட்டு விழும், அதை அவர் வாங்கிக்குவார். பேசுறதுக்கு சின்ன விஷயம்தான். ஆனா, செய்யறவங்க குறைச்சல்.

தூக்கத்தைச் சாதாரணமா நினைக்கவேண்டாம். காலையில ஆறு மணிக்கு எழுந்த ஒரு டிரைவர், பகல்ல கண் அசராம லோடு ஏத்துற இடத்திலேயே நின்னிருந்தா, ராத்திரி 11 மணிக்கு அவர் 17 மணி நேரமா முழிச்சிருக்கார். அந்த நிலையில் ஒருத்தரோட கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருக்கிறவரோட அளவுக்கு இறங்கிடும்னு ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகள் சொல்லுது. நம்ம நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற வரம்பே 0.03 சதவிகிதம்தான். செக்போஸ்ட்ல ஊதச் சொல்லிக் குடியைக் கண்டுபிடிக்கலாம். தூக்கத்தைக் கண்டுபிடிக்க ஊதுற மெஷின் இல்லை. பகல்ல அவரைத் தூங்கவிட்டாங்களான்னு தெரிஞ்ச ஒரே ஆள், அனுப்புறவர்தான். வண்டியை லோடிங் பாயின்ட்ல விட்டுட்டு, "நீ போய்ப் படுப்பா, ஏத்தி முடிச்சதும் எழுப்புறேன்"னு சொல்றதுக்குக் காசு செலவில்லை.

அடுத்து சம்பளக் கணக்கு. பேட்டா ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு இருந்தா, எத்தனை ட்ரிப் அடிக்கிறமோ அத்தனை காசு. யாரும் மிரட்ட வேண்டியதில்லை, அந்தக் கணக்கே டிரைவரை விரட்டும். ஐரோப்பிய யூனியன் இதை 2006-லேயே சட்டமாக்கிடுச்சு. ஓடின தூரத்துக்கும், கொண்டுபோன சரக்கோட அளவுக்கும் ஏத்த மாதிரி காசு கொடுக்கிறது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும்னா, அப்படிக் கொடுக்கக் கூடாது. இங்கே அதுக்கு வாய்ப்பில்லைன்னே வைச்சுக்குவோம். குறைந்தபட்சம் ஹால்ட் பேட்டாவையாவது ஒழுங்கா கொடுக்கலாமே? வண்டி காத்துக் கிடக்கிற நேரத்துக்கும் காசு உண்டுன்னா, அதைப் பிடிக்க யாரும் வளைவுல பறக்க மாட்டாங்க.

'டீசல் மிச்சம் பிடிச்சா போனஸ்'னு சில இடங்களில் ஒரு பழக்கம். சமவெளியில சரி. மலையிலிருந்து இறங்கும்போது இது ஆபத்து. டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல உருட்டினா, இன்ஜின் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது. முழு பாரமும் பிரேக்குக்கு வந்து, பிரேக் சூடாகி, மிதிச்சாலும் பிடிக்காமப் போகும். இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டா இன்னும் மோசம், பிரேக்குக்குக் கிடைக்கிற காத்தோ வேக்யூமோ குறைஞ்சுக்கிட்டே வரும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ரூட்டுக்கு மைலேஜ் போனஸ் வைக்கிறவர் என்ன செய்யறோம்னு தெரியாம செய்யறார்.

ரூட் தெரியறதும் வேலையில ஒரு பகுதிதான். கார்த்திகை, மார்கழியில சபரிமலை சீசன் வந்துட்டா, மேல போற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும், திரும்பி வர்றதை குமுளி வழியாகவும் ஒருவழிப் பாதையா மாத்திவிடுவாங்க. அது தெரிஞ்சும் பழைய நேரத்தையே டிரைவர்கிட்ட கேட்கிறவரை என்ன சொல்ல?

இனி போன். இப்போ எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்க்ரீன்ல புள்ளி நகரலைன்னா உடனே கால். "ஏப்பா, வண்டி ஏன் நிக்குது?" அவர் மூஞ்சி கழுவ நிறுத்தியிருப்பார், இல்லைன்னா அரை மணி நேரம் கண் அசந்திருப்பார். நிக்குற வண்டியால யாருக்கும் ஆபத்தில்லை, ஓரமா நின்னா போதும். உண்மையில பதற வேண்டியது அஞ்சு மணி நேரமா நிக்காம ஓடுற புள்ளியைப் பார்த்துத்தான். ஓட்டும்போது போனைக் கையில பிடிச்சுப் பேசுறது மோட்டார் வாகனச் சட்டப்படி ஆபத்தான ஓட்டுதல். ஃபைன் கட்டுறது டிரைவர், கூப்பிட்டது ஆபீஸ்!

விபத்துன்னு ஒண்ணு நடந்துட்டா மேனேஜரோட நிஜ முகம் தெரிஞ்சிடும். 2024 ஜனவரி முதல் வாரம் நாட்டின் பல பகுதிகளில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினது ஞாபகம் இருக்கா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவுதான் காரணம். விபத்தில் உயிர்ப்பலி ஏற்படுத்திட்டு, போலீஸுக்குச் சொல்லாம ஓடினா பத்து வருஷம் வரை சிறை. அந்தச் சட்டம் 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தப்போ, இந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வெச்சுட்டாங்க. டிரைவர்கள் சொன்னது ஒண்ணுதான்: நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுடும். இதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவே ஒத்துக்குது. அடிபட்டவருக்கு டிரைவர் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யணும்னு சொல்ற அதே இடத்தில், கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாதபோதுன்னு ஒரு விலக்கும் இருக்கு. ஆனா, போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். பயந்து நடுங்கிக்கிட்டு இருக்கிற ஒருத்தருக்கு, "பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயிடு, நான் 108-க்குச் சொல்லிட்டேன், வக்கீலோட கிளம்பி வர்றேன்"னு சொல்ல ஒரு குரல் வேணும். அந்த நேரம் போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வைக்கிற ஓனர்களும் உண்டுங்கிறது டிரைவர்களுக்குள்ள புழங்குற கசப்பான கதை.

சட்டம் என்ன செய்யுதுன்னு கேட்பீங்க. 1961-ம் வருஷ மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேர ஓய்வுன்னு சொன்னது. ஆனா, அஞ்சு தொழிலாளர்களாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை உள்வாங்கிக்கிச்சு. இப்போ வரம்பு பத்து பேர்! ரெண்டு வண்டி, மூணு டிரைவர் வெச்சிருக்கிற பள்ளத்தாக்கு ஓனரை இது எட்டிப் பார்க்கவே போறதில்லை. இங்கே சட்டம்னா, அனுப்புறவரோட மனசுதான்.

சிஸ்டத்தையே மாத்திப் பார்த்தவங்களும் இருக்காங்க. 2014-ல் தொடங்கின ரிவிகோ, நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு டிரைவர்னு ரிலே முறையில வண்டி ஓட்டுச்சு. டிரைவர் பாதியில வண்டியைக் கை மாத்திட்டு வேற வண்டியில திரும்பி, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். அருமையான யோசனை, ஆனா நஷ்டம். 2022-ல் அதன் முக்கிய பிசினஸை மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் 225 கோடி ரூபாய்க்கு வாங்கிடுச்சு. ஆஸ்திரேலியாவில் டிரைவர் களைப்பில் ஓட்டினா, டைம் போட்டுக் கொடுத்தவர், லோடு ஏத்தினவர், சரக்கு அனுப்பினவர் வரைக்கும் சட்டம் கேள்வி கேட்கும். ஜப்பானில் 2024 ஏப்ரலில் இருந்து டிரைவருக்கு வருஷத்துக்கு 960 மணி நேரத்துக்கு மேல ஓவர்டைம் கிடையாது. அதனால சரக்கு அனுப்புற கம்பெனிகளே, லாரி வாசல்ல காத்து நிக்குற நேரத்தைக் குறைக்க ஓடுறாங்க.

ராயப்பன்பட்டிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடெல்லாம் உடனே வராது. ஆனா, ட்ரிப் ஷீட்ல இன்னும் ரெண்டு கட்டம் போடலாம். டிரைவர் கடைசியா எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தார், லோடு எத்தனை மணிக்கு ஏத்தி முடிஞ்சுது. அதைப் பார்த்துட்டு, வண்டி சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே வியாபாரிக்கு போன் போட்டுடலாம்.