புள்ளி தெரிகிறதா?

கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைப்பது எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. இலக்கியக் கூட்டங்களை நடத்துபவர்களும் இதற்கு விலக்கல்லர். திரையில் ஏதோ ஒரு படம் வந்துவிட்டால் போதும், நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிடலாம். இந்த மனப்போக்கை நாங்கள் ஏற்கவில்லை. திரையில் தமிழைக் காட்டப்போகிறோம் என்றால் அந்த இணைப்பும் வாசிப்பைச் சேர்ந்ததே. ஏடு படிப்பவருக்கு விளக்கு எத்தனை அவசியமோ, அத்தனை அவசியம் இது.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்றில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளித்தெரிந்த கல்வெட்டுகளைத் தொடர்ந்து சென்ற தொல்லியல் துறையினர், மணலுக்கடியிலிருந்து ஒரு முருகன் கோயிலையே மீட்டார்கள். இத்தகைய எழுத்துகளின் புகைப்படங்களைப் பத்துப் பேர் கூடிப் பார்த்து, இந்த எழுத்து எது என்று வாதிட வேண்டுமானால், அந்தப் பத்துப் பேருக்கும் ஒரே திரை வேண்டும். ஆளுக்கொரு கைபேசியில் ஆளுக்கொரு பக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தால் அங்கே வாதம் நிகழாது. நூல்களுக்கும் இது பொருந்தும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அச்சில் கிடைக்காத எத்தனையோ நூல்களை நம் முன் வைத்திருக்கின்றன. அவற்றைச் சேர்ந்து படிக்க நம்மிடம் திரை உண்டா? உண்டு, கூடத்துச் சுவரிலேயே தொங்குகிறது. ப்ரொஜெக்டர் வாங்கலாமே என்பார்கள். அதற்கு அறையை இருட்டாக்க வேண்டும். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இருட்டு உதவாது.

கணினியும் தொலைக்காட்சியும் பிறவிப் பகைவர்கள் அல்ல. 1982இல் வந்த ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகள், தொலைக்காட்சிப் பெட்டியையே தம் திரையாகக் கொண்டவை. 1984இல் இந்தியப் பள்ளிகளில் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டத்துக்கு வந்த பிபிசி மைக்ரோவையும் தொலைக்காட்சியோடு இணைக்க முடியும். ஆனால் ஸ்பெக்ட்ரம் திரையின் ஒரு வரியில் 32 எழுத்துகளே இடம்பெற்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டுக்கு எட்டுக் கட்டம். ரோமன் எழுத்து அதற்குள் அடங்கிவிடும். மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகர வளைவும் கொண்ட தமிழ் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் மூச்சுத் திணறும்.

1987இல் ஐபிஎம் விஜிஏ முறையைக் கொண்டுவந்தபோது இரண்டும் வழி பிரிந்தன. விஜிஏ விநாடிக்கு ஏறத்தாழ 31,500 வரிகளைத் தீட்டியது. நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறையில் விநாடிக்கு 15,625 வரிகள். இரண்டையும் வெறும் கம்பியால் இணைத்தால் படம் வராது. வேகத்தைப் பாதியாக்கித் தர ஓர் இடைத்தரகர் வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து கிராபிக்ஸ் கார்டுகள் சிலவற்றில் ‘டிவி அவுட்’ என்ற பெயரில் அந்த இடைத்தரகர் குடியேறினார்.

அவர் செய்த வேலையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பழைய தொலைக்காட்சி ஒரு படத்தை ஒரே வீச்சில் தீட்டாது. முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள். ஒரே ஒரு வரி அளவே பருமனுள்ள கோடு இருந்தால், அது விநாடிக்கு 25 முறை மட்டுமே தோன்றிக் கண்ணை உறுத்தும்படி துடிக்கும். துடிப்பை அடக்குவதற்காக, அடுத்தடுத்த வரிகளை ஒன்றோடொன்று கலந்து மழுக்கினார்கள். அதன்மேல், ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் மஞ்சள் முனைக் கேபிள். எஸ்-வீடியோ கேபிள் இவ்விரண்டையும் பிரித்து அனுப்பியதால் சற்றே மேல். எப்படியாயினும் திரைப்படத்துக்கு இது குறையில்லை. முகமும் மரமும் கடலும் மழுங்கினாலும் முகமும் மரமும் கடலுமே. தமிழ் எழுத்தில்தான் முதலில் புள்ளி மறைந்தது. பிறகு ணகரமும் னகரமும் சுழி குழைந்து ஒன்றாயின. ‘பல்’ என்பது ‘பல’ ஆயிற்று. ‘கல்வி’ என்ற சொல்லில் அந்த ஒரு புள்ளி போனால் என்ன மிஞ்சும் என்பதை வாசகர் அறிவர்.

ஓலைச்சுவடியிலும் புள்ளி கிடையாதே, நம் முன்னோர் படிக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொன்னாலும், ஓலை கிழிந்துவிடும் என்பதால் எழுத்தாணி பிடித்தவர்கள் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. ஆனால் அந்த ஏடுகளிலிருந்து சொற்களைப் பிரித்து நூலாக்க உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஆயுளையே செலவிட்டார்கள். அவர்கள் தேடித் தந்த புள்ளியை ஒரு மலிவான கேபிளும் கவனிக்கப்படாத ஓர் அமைப்பும் திரும்பப் பறித்துக்கொள்ள நாம் அனுமதிக்கலாமா என்பதே எங்கள் கேள்வி.

2006 முதல் 2011 வரை தமிழக அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. 2011இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் நின்று, மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. செங்கற்பட்டுச் சிற்றூர்களிலும் கடலோரக் குப்பங்களிலும் ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருந்த வீடுகள் உண்டு. ஒன்றை ஒரு கட்சியின் கணக்கிலும் மற்றதை மறு கட்சியின் கணக்கிலும் எழுதி விவாதித்தோம். இரண்டையும் இணைத்தால் ஒரு சிறு படிப்பகம் உருவாகும் என்ற பேச்சு எழவே இல்லை என்று சொல்லிவிடலாம். எழுந்திருந்தாலும் அந்தப் படக்குழாயில் நூலின் சிறிய எழுத்து தெளிந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று அந்தத் தடை இல்லை.

எச்டிஎம்ஐ முறையின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியாயிற்று. ஒளியும் ஒலியும் ஒரே கேபிளில், எண்களாகவே செல்கின்றன. தொழில்நுட்பம் தன் கடனைச் செய்துவிட்டது. மீதி நம் கவனத்தைப் பொறுத்தது. கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டின் போர்ட்டில் செருக வேண்டும். மதர்போர்டின் போர்ட்டில் செருகினால் திரை இருண்டே கிடக்கலாம். கணினி அனுப்பும் அளவு திரையின் சொந்த அளவாக, அதாவது 1920க்கு 1080 என்றால் அதுவாகவே இருக்க வேண்டும். தொலைக்காட்சியின் அமைப்புகளில் அந்த உள்ளீட்டுக்குப் ‘பிசி’ என்று பெயரிட வசதியிருந்தால் பெயரிட வேண்டும். இல்லையேல் பல பெட்டிகள் நிற விவரத்தைக் குறைத்துவிடும், நீலத் தரையில் எழுதிய சிவப்பு எழுத்து கசியும். ‘ஷார்ப்னெஸ்’ என்பதைக் குறைக்க வேண்டும். அது கூர்மை என்ற பெயரில் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டுகிறது.

மேலும் ஒன்று. படக்குழாய்க் காலத்துப் பழக்கமாக, இன்றைய பெட்டிகளும் சில சமயம் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகின்றன. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் கீழ்ப்பகுதியில் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் நாம் அறிவோம். விளிம்பை ஒட்டி எடுத்த படமானால் இந்த வெட்டில் முதலில் போவது எலிகள்தாம். எலிகள் போனபின் பூனையின் போலித் தவமும் மெய்த்தவமாகிவிடும். நூலானால் அடிக்குறிப்பு போகும், பக்க எண் போகும். ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று ஏதேனும் ஒரு பெயரில் இதைத் திருத்தும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது.

இவையெல்லாம் பத்து நிமிட வேலை. கூட்ட அறையில் பின்வரிசையில் அமரும் முதியவர்களை நினைத்துப் பார்க்கிறோம். அவர்களில் பலர் பேச்சாளரைவிட அதிகம் படித்தவர்கள். திரையில் எழுத்து தெளியாதபோது அவர்கள் எழுந்து குறை சொல்வதில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிழையான பாடத்தைத் திருத்தக்கூடிய குரலை நாம் இழப்பது அப்படித்தான்.

ஆகவே நூலகப் பொறுப்பாளர்களுக்கும் வாசகர் வட்டத்தினருக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். கூட்டம் தொடங்குமுன் ஒரு பழைய நூலின் பக்கத்தைத் திரையில் இடுங்கள். அறையின் கடைசி நாற்காலியில் சென்று அமருங்கள். ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் இணைப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள். சிறப்பு விருந்தினர் சற்றுக் காத்திருக்கலாம்.