யாருடைய நன்னடத்தை?

2022 ஆகஸ்ட் 15 அன்று, பில்கிஸ் பானு கூட்டு வல்லுறவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேர் கோத்ரா சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். மாலையிட்டு இனிப்பூட்டி வரவேற்கப்பட்டனர். குஜராத் பாஜக அரசு காட்டிய காரணம், ‘நன்னடத்தை’. பரிந்துரைத்த குழுவில் இருந்த பாஜக சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், அவர்கள் நற்பண்புள்ள பிராமணர்கள் என்றே சான்றளித்தார். இத்தனைக்கும் அவர்களுள் ஒருவர்மீது, 2020இல் பரோலில் வெளிவந்திருந்தபோது ஒரு பெண்ணை மானபங்கப்படுத்தியதாக வழக்குப் பதிவாகியிருந்தது! பாதிக்கப்பட்ட பில்கிஸின் பாதுகாப்பு குறித்து அவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிறைக்குள் ஒழுங்காக நடப்பது எதற்குச் சான்று? கனடாவின் வார்க்வொர்த் சிறையில் சிகிச்சை பெற்ற பாலியல் குற்றவாளிகளைப் பற்றி மைக்கேல் செட்டோ, ஹோவர்ட் பார்பரி ஆகியோர் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரிவும் குற்றவுணர்வுமின்றி, நாவன்மையால் பிறரை ஏய்க்கும் இயல்பை உளவியலார் சைக்கோபதி என்பர்; ராபர்ட் ஹேர் வகுத்த 20 கூறுகள் கொண்ட பட்டியலால் அதை அளவிடுவர். அந்த அளவீட்டில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, சிகிச்சையிலும் நல்லபிள்ளையாக நடந்துகொண்டவர்களே விடுதலைக்குப் பின் கூடுதலாகக் குற்றமிழைத்தனர் என்றது ஆய்வு. நெடுங்காலத் தரவுகளைக் கொண்டு பார்பரி பின்னர் மீண்டும் ஆராய்ந்தபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. ஆகவே, சிகிச்சை இத்தகையோரை மேலும் கொடியவராக்கும் என முழங்குவோருக்கு இதில் ஆதாரமில்லை. ஆனால், சிகிச்சையாளர்முன் காட்டிய பணிவைக் கொண்டு ஒருவரை ஆபத்தற்றவர் என்று விடுவிக்க முந்தைய ஆய்வும் இடம் தரவில்லை, பிந்தையதும் தரவில்லை.

நம் ஆட்சியாளர்களுக்கோ ஆய்வு எதற்கு? 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, குற்றஞ்சாட்டப்பட்ட லாரித் தொழிலாளர் நால்வர் விசாரணையே இன்றிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது திட்டமிட்ட துப்பாக்கிச்சூடு என்று உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் கண்டறிந்தது. ஏழைக்குத் தோட்டா, வாக்கு வங்கி உடையவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ்!

பில்கிஸ் வழக்கின் விடுதலையை உச்சநீதிமன்றம் 2024 ஜனவரி 8 அன்று ரத்து செய்தது. பதினொருவரும் சிறைக்குத் திரும்பினர். ஹரியானாவில் கதை வேறு. பெண் சீடர் இருவரை வல்லுறவு செய்ததற்காக 2017இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற குர்மீத் ராம் ரஹீம், 2022 பஞ்சாப் தேர்தல், 2024 ஹரியானா தேர்தல், 2025 தில்லித் தேர்தல் ஆகியவற்றை ஒட்டித் தவறாமல் வெளியே வந்தார். அதற்கு வழிசெய்யும் மாநிலச் சட்டத்தின் பெயரே ‘நன்னடத்தைக் கைதிகள் தற்காலிக விடுவிப்புச் சட்டம்’.