கல்லின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள்

நகை வணிகத்தில் ஒருவரை ஏமாற்றுவதற்குப் பொய் சொல்லவேண்டிய அவசியம் கிடையாது. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டாலே போதுமானது. ஓப்பல் என்னும் கல்லின் விற்பனையில் இவ்வுண்மை துலாம்பரமாகத் தெரியும். நிலத்திலிருந்து தோண்டியெடுத்து மெருகிட்ட முழுக்கல்லும் 'ஓப்பல்'. மெல்லிய சீவல் ஒன்றின் அடியில் கறுப்புத் தகடும் மேலே கண்ணாடிக் குமிழும் ஒட்டிச் செய்ததும் 'ஓப்பல்'. புகையூட்டிக் கறுப்பாக்கியதும் 'ஓப்பல்'. ஆய்வுகூடத்தில் வளர்த்ததும் 'ஓப்பல்'. நான்கும் ஒரே தட்டில், ஒரே விளக்கொளியில், ஒரே பெயரோடு வீற்றிருக்கும். விலைச்சீட்டை மட்டும் திருப்பி வைத்திருப்பார்கள்.

என் கட்சி இதுதான்: ஓப்பல் நகை விற்கும் எவரும் மூன்று விடயங்களைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். கல் முழுக்கல்லா ஒட்டுக்கல்லா செயற்கைக் கல்லா என்பது ஒன்று. இயற்கைக் கல்லாயின் எந்த நாட்டு நிலத்தில் விளைந்தது என்பது இரண்டு. அதற்கு ஏதேனும் செயற்கைப் பக்குவம் செய்யப்பட்டதா என்பது மூன்று. எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பழைய நகையாயினும் சரி, புத்தம் புதிய நகையாயினும் சரி, நியாயம் ஒன்றுதான்.

இரத்தினக்கல் விவகாரத்தில் பத்திரிகைக்காரன் ஏன் மூக்கை நுழைக்கிறான் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நம்மவர்களில் பெருந்தொகையானோர் இன்று அவுஸ்திரேலியாவில் வாழ்கின்றனர். ஊருக்கு வரும்போது அந்நாட்டின் நினைவாக அவர்கள் கொண்டுவரும் பொருட்களில் ஓப்பலும் ஒன்று. 1993இல் அதனைத் தன் தேசிய இரத்தினக்கல்லாக அறிவித்த நாடல்லவா அது! என் உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் மகளின் சாமத்தியச் சடங்குக்கென அங்கே உல்லாசப் பயணிகளுக்கான கடையொன்றில் 'கறுப்பு ஓப்பல்' மோதிரமும் தோடும் வாங்கினார். இரண்டு வருடங்களில் மோதிரக் கல்லின் ஓரத்திலிருந்து வெண்ணிறப் புகார் படர்ந்தது. கொழும்புக்கு வந்தபோது என்னிடம் காட்டினார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோது, அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் இரண்டு நேர்கோடுகள் தெரிந்தன. மூன்று அடுக்கு. பசைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கடைக்குத் தொலைபேசியில் பேசினார். கிடைத்த பதில்: "ஓப்பல் என்று விற்றோம். உள்ளே ஓப்பல் இருக்கிறதே!"

பற்றுச்சீட்டைப் பார்த்தேன். 'ஓப்பல் மோதிரம்' என்ற இரண்டே சொற்கள். வாயால் சொன்ன 'கறுப்பு' என்ற சொல் காகிதத்தில் இல்லை. சட்டத்தின் முன் அந்த வணிகர் எவ்வளவு தைரியமாக நிற்கலாம், பார்த்தீர்களா?

ஓப்பலின் இயல்பை அறிந்தால் இந்த விவகாரத்தின் பாரதூரம் விளங்கும். அது நீர் கலந்த சிலிக்கா. பெரும்பாலான கற்களில் நீரின் பங்கு நூற்றுக்கு மூன்று முதல் பத்து வரையில் இருக்கும். அதன் வர்ணஜாலத்துக்கு எந்தச் சாயமும் காரணமன்று. கண்ணுக்குப் புலப்படாத சிலிக்காக் கோளங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால், அவற்றின் இடைவெளிகளில் ஒளி சிதறி நிறங்களாகப் பிரிகிறது. 1964இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானி ஜே.வி.சாண்டர்ஸ் முதலானோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியுடன் இதனை நிறுவினர். இரகசியம் வெளியான பின்னர் மனிதன் சும்மா இருப்பானா? பத்தே ஆண்டுகளில், 1974இல், பியர் ஜில்சன் என்பவர் செயற்கை ஓப்பலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கடினத்தன்மையிலும் இக்கல் சற்றுப் பலவீனமானது. மோஸ் அளவுகோலில் ஐந்தரை முதல் ஆறரை வரைதான். நீலக்கல்லுக்கு ஒன்பது. எனவே எப்படிப் பேணுவது என்பதும் எந்த வகைக் கல் என்பதைப் பொறுத்ததே. வகையைச் சொல்லாதவர் பேணும் முறையையும் மறைக்கிறார்.

ஒட்டுக்கல்லுக்கு நான் விரோதியல்லன். டப்லெட் என்பது மெல்லிய ஓப்பல் சீவலைக் கறுப்புப் பின்னணியில் ஒட்டியது. டிரிப்லெட் என்பது அதற்குமேல் படிகத்தாலோ கண்ணாடியாலோ மூடியிட்டது. தனியே நகையாக்க முடியாத மெல்லிய கல்லும் இவ்விதம் வீணாகாமல் அழகு பெறுகிறது. குறைந்த வருமானமுடைய ஒருவர் அந்த அழகை அணிந்து மகிழ்வதில் என்ன தவறு? தவறு பெயரில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் லைற்னிங் றிட்ஜ் தரும் உயர்தரக் கறுப்பு ஓப்பலுக்குக் கரட் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கான டொலர் கொடுப்பார்கள். டிரிப்லெட்டின் பெறுமதி அதன் காலடிக்கும் வராது. ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டுவது வியாபார சாமர்த்தியம் என்றால், கள்ள நோட்டு அடிப்பதை ஓவியக்கலை எனலாம்.

அடுத்து, எதியோப்பியக் கல். 2008இல் அந்நாட்டின் வொலோ பிரதேசத்தில் வெகெல் தெனா என்னுமிடத்தில் ஓப்பல் கண்டுபிடிக்கப்பட்டதும் உலகச் சந்தையே மாறிப்போனது. அழகில் அவை குறைந்தவையல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நீரை உறிஞ்சும். தண்ணீரில் போட்டால் நிறங்கள் மங்கிக் கல் கண்ணாடிபோல் ஆகிவிடுவதும் உண்டு; உலர்ந்தபின் நிறம் மீளும். நீரை உறிஞ்சும் கல் சாயத்தையும் உறிஞ்சும், எண்ணெயையும் உறிஞ்சும். இத்தன்மையைப் பயன்படுத்தித்தான் அதனைப் புகையூட்டியும் சாயமேற்றியும் கறுப்பாக்குகிறார்கள். அவுஸ்திரேலியர்களுக்கும் இந்த வித்தை புதிதன்று. அன்டமூக்காவின் நுண்துளைக் கற்களைச் சீனிப்பாகில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தால் கருக்கும் முறை அங்கே நெடுங்காலமாக உள்ளது. வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அதுவும் ஒரு கைவினையே.

இங்கே இருமுனை அநியாயம் நடக்கிறது. ஒருசாரார் எதியோப்பியக் கல்லை அவுஸ்திரேலியக் கல்லென்று விற்கிறார்கள். மறுசாரார் எதியோப்பியக் கல் என்றாலே குப்பை என்று பழிக்கிறார்கள். முதலாமவர் வாங்குபவரின் பணத்தைப் பறிக்கிறார். இரண்டாமவர் மலைச்சரிவில் உயிரைப் பணயம் வைத்துத் தோண்டும் ஏழை உழைப்பாளியின் விளைச்சலுக்கு இழுக்குத் தேடுகிறார். இருவருமே அக்கல்லுக்கு அதன் சொந்தப் பெயரைக் கொடுக்க மறுக்கிறார்கள்.

'பழைய நகை' என்ற மாயச்சொல்லைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். விக்டோரியா மகாராணி காலத்து மோதிரம் என்றதும் நம்மவர் வாய்பிளப்பர். மோதிரம் பழையதாக இருக்கலாம். அதிலுள்ள கல் பழையதென்று யார் சொன்னார்? ஓப்பல் வெடிக்கும், சிராயும். நூறாண்டு அணிந்த மோதிரத்தில் கல் மாற்றப்பட்டிருப்பது வியப்பன்று. 1880ஆம் ஆண்டு மோதிரமென்று சொல்லி, அதில் எதியோப்பியாவின் வெகெல் தெனாக் கல்லோ ஜில்சன் கல்லோ பதிந்திருந்தால் அந்தக் கதையை என்னவென்பது? அக்காலத்தில் ஐரோப்பாவுக்கு ஓப்பல் தந்தவை பெரும்பாலும் இன்று சிலோவாக்கியாவில் உள்ள துப்னிக் சுரங்கங்களே. அவை 1922இல் மூடப்பட்டன. டலி வொலஸ்டன் என்பவர் குயீன்ஸ்லாந்துக் கற்களை இலண்டனுக்குக் கொண்டுசென்றது 1889இல்தான். கூபர் பெடியில் ஓப்பல் கிடைத்தது 1915இல். ஆகவே கல்லின் ஊரும் நகையின் ஆண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லவேண்டும்.

பவுணும் பேசும். பிரித்தானிய நகையில் 15 கரட் முத்திரை இருந்தால் அது 1854க்கும் 1932க்கும் இடைப்பட்டது. ஏனெனில் அந்தத் தரம் நடைமுறையில் இருந்தது அவ்வளவு காலந்தான். முத்திரையைக் காட்டமாட்டேன், கல்லைப் பக்கவாட்டில் பார்க்க விடமாட்டேன், ஆனால் பாட்டியின் பாட்டி அணிந்தது என்று சத்தியம் செய்வேன் என்பவரிடம் சத்தியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம்.

வணிகரின் மௌனத்துக்குத் துணைபோகிறது இன்னொன்று: மூடநம்பிக்கை. மேலைநாடுகளில் ஓப்பல் துரதிர்ஷ்டக் கல் என்ற அச்சம் பரவியதற்கு வோல்டர் ஸ்கொட் 1829இல் வெளியிட்ட நாவலொன்றைக் காரணமாகக் கூறுவர். அந்த அச்சத்தைப் பொருட்படுத்தாத விக்டோரியா மகாராணி தம் புதல்வியருக்கு ஓப்பலைப் பரிசளித்தார். நம் பக்கத்தில் கதை தலைகீழ். சுக்கிரனுக்கு உகந்தது, துலா ராசிக்காரர் அணிந்தால் கல்யாணம் கைகூடும் என்று விற்கிறார்கள். நவரத்தினங்களில் ஓப்பல் இல்லை. சுக்கிரனுக்கு நூல்கள் சொல்வது வைரத்தை. வைரம் வாங்க வசதியற்றவரிடம் மாற்றாக ஓப்பலை நீட்டுகிறார்கள். அச்சத்தோடும் ஆசையோடும் வருபவர் கல்லைப் பற்றிக் கேட்பதில்லை. பலனைப் பற்றித்தான் கேட்பார். வாரப் பத்திரிகைகளின் ராசிபலன் பக்கங்கள் இக்கடைகளுக்குச் செய்யும் ஊழியம் கொஞ்சநஞ்சமன்று.

"எல்லாவற்றையும் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்" என்பது வணிகர்கள் வழமையாகச் சொல்லும் சமாதானம். சொன்னால் ஓடுவார் என்பது தெரிந்தே சொல்லாமல் விற்பதற்கு வேறு பெயர் உண்டு. "அவர் கேட்கவில்லையே" என்பது இன்னொன்று. கேட்கத் தெரியாதவரிடம் சொல்லவேண்டியதுதான் தொழில் அறம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு வகுத்துள்ள நகை வழிகாட்டி நெறிகளும், பெறுமதியைக் கணிசமாகப் பாதிக்கும் பக்குவத்தை வாங்குபவருக்கு வெளிப்படுத்தவேண்டும் என்றே கூறுகின்றன.

அறியாமையின் விலையை இலங்கையராகிய நாம் நன்கறிவோம். பால்நிறமான 'கெவுட' கற்களைப் பெறுமதியற்றவை என எண்ணி நம் நாட்டவர் மலிவாகக் கொடுத்தனர். 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை வாங்கிச் சென்று உலையிலிட்டு அழகிய நீலக்கற்களாக்கி உலகெங்கும் விற்றனர். அங்கே இழந்தவர் விற்றவர். இங்கே இழப்பவர் வாங்குபவர். இரண்டிலும் கல்லின் உண்மை ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

எனவே கடைக்குச் செல்வோர் செய்யக்கூடியவை இவை. கல்லின் பின்புறம் மூடப்பட்ட நகையில் கூடுதல் அவதானம் வேண்டும். ஒட்டை மறைக்க அது வசதியானது. பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நேர்கோடு தெரிந்தால் ஒட்டு. குயீன்ஸ்லாந்தின் பௌல்டர் ஓப்பலிலும் அடியில் இரும்புக்கல் இருக்கும். ஆனால் இயற்கை போட்ட எல்லைக்கோடு வளைந்து நெளிந்து செல்லும். நிறக்கட்டங்கள் பாம்புச் செதிள்போல் ஒரே சீராக இருந்தால் செயற்கைக் கல்லோ எனச் சந்தேகியுங்கள். பெருந்தொகை கொடுப்பதாயின் பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள். இலங்கையில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை இருக்கிறது. சகலத்துக்கும் மேலாக, வாயால் சொன்னதைக் காகிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

நேர்மையான வணிகருக்கு இதனால் நட்டமேதுமில்லை. முழுக்கல்லை முழுக்கல் என்று எழுதுபவரின் கை நடுங்காது. எழுதக் கூசுபவருக்கு அந்தக் கூச்சத்தின் காரணம் தெரியும். அதைப் புரிந்துகொண்டு நாமும் கடையை விட்டு இறங்கிவிடலாம்.