பிஞ்சுக் கரங்களின் பரிசு

திருவருகைக் காலம் நெருங்கி வருகின்றது. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும் ஞாயிறன்று அது தொடங்கும். நான்கு ஞாயிறுகள் கடந்தால் பாலன் பிறப்புப் பெருவிழா. புத்தாடை, பலகாரம், குடில், சுவருக்கு வெள்ளை என்று நம் இல்லங்களில் ஏற்பாடுகள் பல இருக்கும். பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தருவது என்பது பற்றியும் நாம் நிறையவே சிந்திப்போம். ஆனால் பிள்ளைகள் பிறருக்கு என்ன தரப் போகிறார்கள் என்பதைப் பற்றி எத்தனை பேர் சிந்திக்கிறோம்?

குறிப்பாக 9 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். ஆறு வயதுக் குழந்தை தான் கிறுக்கிய படத்தை ஓடி வந்து காட்டுகிறது. "இது அம்மா, இது கோழி" என்று பெருமையோடு விளக்குகிறது. அதே குழந்தை பத்து வயதை எட்டியதும், யாரேனும் அருகில் வந்தால் வரைந்ததைக் கையால் மறைத்துக்கொள்கிறது. ஏன்? கடையில் தொங்கும் பொருளுக்கும் தன் கைவேலைக்கும் உள்ள வேறுபாடு இப்போது அதற்குத் தெரிகிறது. பெரியவர்கள் முகத்தில் தோன்றும் சிரிப்பின் பொருளும் புரிகிறது. "எனக்குக் கைவராது" என்ற முடிவுக்குப் பிள்ளைகள் பலர் வருவது இந்த வயதில்தான். அந்த முடிவோடு தூரிகையையும் ஊசியையும் வைத்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் அவற்றைத் தொடாதவர்கள் உண்டு.

அதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. பரிசு என்றால் பணம் என்ற எண்ணமும் இந்த வயதிலேயே வேரூன்றிவிடுகின்றது. தந்தையின் பணத்தில், கைப்பேசி வழியே வருவிக்கப்பட்டு, வாசலில் வந்து இறங்கும் பொருளில் பிள்ளையின் பங்கு என்ன? அதன் நேரம் அதில் உண்டா? அதன் உழைப்பு உண்டா?

காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் பாராட்டியதை மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். தொகையை அன்று, தன்னிடம் இருந்ததை அவள் தந்ததையே அவர் நோக்கினார். பத்து வயதுப் பிள்ளையிடம் இருப்பது என்ன? பணமன்று. நேரமும் பத்து விரல்களுமே அதன் சொத்து. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் குடில் அமைத்தபோது, விலையுயர்ந்த சிலைகளைத் தேடவில்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை ஆகியவை போதுமாயிருந்தன. கையருகே கிடைப்பதைக் கொண்டு விழாவுக்குரியதை ஆக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே இந்த ஆண்டு நம் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து தரக்கூடிய நான்கு பரிசுகளை இங்குத் தருகிறோம். செலவு மிகக் குறைவு, பொறுமையே முதலீடு.

முதலாவது, வாழ்த்து அட்டை. இலண்டனில் 1843-ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஒருவரைக் கொண்டு அச்சிட்ட அட்டையே விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்பர். நம் பிள்ளைகளுக்கு அச்சகம் தேவையில்லை, வெண்டைக்காய் போதும். சற்று முற்றிய காயைக் காம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் குறுக்கே வெட்டினால், வெட்டிய முகம் பெரும்பாலும் ஐந்து முனை விண்மீனாகவே இருக்கும். அதன் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு தட்டில் நனைத்து மடித்த துணியை வைத்து, அதன்மேல் கெட்டியான வண்ணத்தைத் தடவி, காயை அதில் தொட்டுத் தாளில் மெல்லப் பதிக்க வேண்டும். அழுத்தினால் முனைகள் கலங்கிவிடும். ஏ4 அளவுள்ள கனத்த வரைதாள் ஒன்றை இரண்டாக வெட்டி மடித்தால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். உள்ளே "இனிய வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதுவது போதாது. பெறுபவர் தனக்குச் செய்த நன்மை ஒன்றைப் பிள்ளை நினைவுகூர்ந்து இரண்டு வரிகளில் எழுதட்டும். "எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டு வந்தீர்கள், அத்தை" என்ற வரியை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

இரண்டாவது, வெட்டிவேர்ப் பை. பாட்டியின் துணிப்பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு வேறில்லை. பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டியிலிருந்து, 30 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டை வெட்டிக்கொள்க. நீளத்தின் இரு முனைகளையும் இரண்டு சென்டிமீட்டர் மடித்துத் தைத்துவிட்டால் நூல் பிரியாது. பின்னர் துணியை நடுவில், மடித்துத் தைத்த பக்கம் வெளியே தெரியுமாறு மடித்து, இரு பக்கங்களையும் ஓட்டுத் தையலால் இணைத்து, உட்புறம் வெளியே வருமாறு திருப்ப வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெட்டிவேரை மண் போகக் கழுவி, நன்றாக உலர்த்தி, சிறு துண்டுகளாக வெட்டி முக்கால் பங்கு நிரப்பி, வாயை வண்ண நாடாவால் கட்டினால் பை ஆயத்தம். ஆண் பிள்ளைகளும் இதைத் தைக்கலாம். ஊசிக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது.

மூன்றாவது, ஓலைச் சிலுவை. குருத்து ஞாயிறன்று கோவில் முற்றத்தில் ஓலையைக் கிழித்துச் சிலுவை முடையும் கலை நம் பிள்ளைகள் பலருக்கு முன்பே கைவந்தது. அதையே சிறிதாகவும் தட்டையாகவும் முடைந்து, செபப்புத்தகத்தில் அடையாளமாக வைக்கத் தரலாம். மந்திரித்த ஓலையை எடுத்துவிடாமல், புதிய பனங்குருத்தை வாங்கிக்கொள்க. நிழலில் உலர்த்திய ஓலை முடையும்போது முறியாமலிருக்க, சற்று நேரம் நீரில் ஊறவைத்துப் பயன்படுத்த வேண்டும். முடைந்தபின் கனமான நூல்களுக்கு அடியில் ஓரிரு நாள் வைத்தால் தட்டையாக நிற்கும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதையும், அதன் ஓலையில்தான் நம் முன்னோர் நூல்களை எழுதி வைத்தனர் என்பதையும் வேலையின் ஊடே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நான்காவது, விண்மீன் விளக்கு. இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் கட்ட. அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்வதற்கு ஏற்றது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய மூங்கில் குச்சிகள் பத்து தேவை. மூங்கிலைப் பிளந்து சிராய் போகச் சீவித் தருவது பெரியவர்களின் பொறுப்பு. பென்சிலை எடுக்காமல் விண்மீன் வரைவது போல ஐந்து குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, ஐந்து முனைகளையும் நூலால் கட்ட வேண்டும். இவ்வாறு இரண்டு விண்மீன்கள் செய்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டுக. நடுவே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில், இரு சட்டங்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர் குச்சி ஒவ்வொன்றை நிறுத்திக் கட்டினால், விண்மீன் வயிறு புடைத்து நிற்கும். மைதாப் பசை தடவி வண்ணத்தாளை ஒட்டுக. பின்புறம் ஒரு சிறு கதவு விடுக. உள்ளே மெழுகுதிரி ஏற்றுவது கூடவே கூடாது; தாளும் மூங்கிலும் நொடியில் பற்றிக்கொள்ளும். மின்கலத்தில் எரியும் சிறு விளக்கே ஏற்றது.

கால ஒழுங்கு ஒன்றும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்கள் இவை. பசையும் வண்ணமும் உலர நேரமாகும், ஓலையில் பூஞ்சை படரும். மேலும், திருவருகைக் காலத்தின் நான்காம் வாரம் எல்லா ஆண்டும் முழு வாரமாக இருப்பதில்லை. டிசம்பர் 24 ஞாயிறாக அமைந்தால் அன்று மாலையே விழாத் திருவிழிப்பு வந்துவிடும். ஆகவே முதல் வாரத்தில் யார் யாருக்கு என்று முடிவு செய்து பொருள்களைச் சேர்த்து, இரண்டாம் மூன்றாம் வாரங்களில் வேலையை முடித்துவிடுவது நன்று.

இனிப் பெற்றோருக்குச் சில சொற்கள். மகள் தைத்த பை கோணலாயிருக்கிறது. அவள் உறங்கியபின் தாய் தையலைப் பிரித்து, நேராகத் தைத்து வைத்துவிடுகிறார். அன்பினால் செய்ததுதான், ஐயமில்லை. ஆனால் காலையில் மகள் அதைக் கண்டுகொள்வாள். பாட்டி அதைப் பாராட்டும்போது, அந்தப் பாராட்டு தனக்குரியதன்று என்பதும் அவளுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அவள் ஊசியைத் தொட மாட்டாள். தையல் கோணினால், வேறொரு துணியில் தைத்துக் காட்டுங்கள். பிரிப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். கோணலாயிருந்தாலும் அவள் செய்தது அவளுடையது.

பெறுபவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "அழகாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அலமாரியில் போட்டுவிடலாகாது. மகன் தந்த ஓலைச் சிலுவை தந்தையின் செபப்புத்தகத்தில் ஒவ்வொரு ஞாயிறும் இருக்க வேண்டும். பயன்படுத்துவதே பிள்ளைக்குப் புரியும் பாராட்டு.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. கடனாலோ, நோயாலோ, வேலை இழந்ததாலோ இந்த ஆண்டு எதுவும் வாங்க இயலாத குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. கைவேலைப் பரிசு இல்லாதவர்களுக்கு மட்டுமே உரியது என்று ஆகிவிட்டால், அதைக் கொண்டுவரும் பிள்ளை தலைகுனிய நேரிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அதே தாளை வெட்டி, அதே வெண்டைக்காயைப் பதித்தால், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒரு ஞாயிறு வகுப்பில் அனைவரையும் சேர்த்து இவ்வேலையைச் செய்வித்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

ஒவ்வொரு பிள்ளையும் செய்யும் பரிசுகளில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே செல்லட்டும். மக்கள் வெளிநாட்டில் இருக்க, தனியே விழாக் கொண்டாடும் முதியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பலகாரத் தட்டு போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை கதவைத் தட்டி, "தாத்தா, இது நானே செய்தது" என்று நீட்டும்போது, அந்த வீட்டிலும் விழா பிறக்கும்.

எனவே, வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளை அருகில் அமர்த்தி, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னர், "நீ யாருக்குத் தரப் போகிறாய்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை அங்கே தொடங்கட்டும்.