கண் தவறவிட்டதை எண் காட்டும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. எழுத்தை வகுப்பறையில் வைத்துக் காக்கிறோம். எண்ணையோ விளையாட்டுத் திடலின் வாயிலிலேயே விட்டுவிடுகிறோம். தமிழாசிரியன் ஆட்டக் கணக்கைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், திறமையுள்ள மாணவன் கண்டுகொள்ளப்படாமல் போவது ஆசிரியர் எல்லார்க்கும் உரிய கவலையன்றோ?

வெண்ணந்தூரைச் சேர்ந்த மாணவன் ஒருவன் கிரிக்கெட் அணித் தேர்வுக்குச் சென்று திரும்பினான். விசைத்தறித் தொழிலாளியின் மகன். “இதுவரை எத்தனை விக்கெட் எடுத்திருக்கிறாய்?” என்று கேட்டார்களாம். “நிறைய எடுத்திருக்கிறேன், ஐயா” என்றானாம். அந்த ‘நிறைய’ என்னும் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. ஞாயிறுதோறும் அவன் ஆடிய ஆட்டங்களுக்கு ஒரு தாள்கூடச் சாட்சி இல்லை.

எண்ணின் சாட்சி எத்துணை வலியது என்பதை அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டம் காட்டியது. 2002ஆம் ஆண்டில் ஓக்லண்ட் அணி ஆட்டக்காரர்களுக்கு அளித்த ஊதியம் ஏறத்தாழ 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் அணி அளித்ததோ 12 கோடிக்கும் மேல். ஓக்லண்டின் பொதுமேலாளர் பில்லி பீன் உடற்கட்டையும் ஓட்ட வேகத்தையும் மட்டும் நம்பவில்லை. மட்டையாளன் ஆட்டமிழக்காமல் எத்தனை முறை தளத்தை அடைகிறான் என்று கணக்கிட்டார். பந்தை அடித்தும் அடையலாம். தவறான பந்துகளை ஆடாமல் விட்டும் அடையலாம். இரண்டாவது திறமையைப் பிறர் பெரிதாக மதிக்காததால், அத்தகையோர் குறைந்த ஊதியத்திற்குக் கிடைத்தனர். அவ்வாண்டு இரண்டு அணிகளும் 103 வெற்றிகளே பெற்றன. ஓக்லண்ட் தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்றது.

நம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை எண்ணிப் பாருங்கள். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடிய அவருடைய இளமைக்கால ஆட்டங்களின் கணக்கு யாரிடம் உண்டு? 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு பந்தும் பதிவாயிற்று. அவருடைய யார்க்கர்கள் பேசப்பட்டன. 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 2017 ஏலத்தில் 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். அவருக்கு வழிகாட்டிய அன்புள்ளங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், அத்தகைய துணை வாய்க்காத பிள்ளைக்குப் பதிவேடுதானே பரிந்துரைக் கடிதம்?

‘உறுதியையும் ஒழுக்கத்தையும் எண்ணால் அளக்க இயலுமா?’ எனப் பெரியோர் வினவலாம். இயலாதுதான். அதே ஓக்லண்ட் அணி இறுதிக்கட்டப் போட்டிகளின் முதற்சுற்றிலேயே தோற்றது. எண் நீதிபதியன்று, சாட்சி. சாட்சியே இல்லாத வழக்கில் செல்வாக்குள்ளவன் வெல்வான் என்பதே என் அச்சம்.

ஆகவே, சமுதாயப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கோப்பைகள் வழங்குகிறீர்கள், நன்றி. அவற்றோடு ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஆட்டப் பதிவேடும் வழங்குங்கள். அதை எழுதும் பொறுப்பைப் புள்ளியியல் பயிலும் மாணவர்கள் ஏற்கட்டும். அடுத்த முறை அந்த வெண்ணந்தூர் மாணவன் தேர்வுக்குச் செல்லும்போது, ‘நிறைய’ என்று சொல்லி நிற்காமல், ஏட்டைத் திறந்து காட்டட்டும்.