எண்ணை நம்பலாமா?



தமிழக அரசு 2011ஆம் ஆண்டு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணிப்பொறிகளில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளமும் இருந்தது. லினக்ஸ் உள்ள கணிப்பொறி எதுவாயினும், அதில் 'டாப்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எந்த நிரல் மையச் செயலகத்தை எத்தனை விழுக்காடு பயன்படுத்துகிறது என்ற பட்டியல் வரும். மாணவர் பலர் அதைப் பார்த்ததும், "கணிப்பொறி மந்தமானதற்கு இந்த நிரல்தான் காரணம்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இது அவசரத் தீர்ப்பு என்பேன்.

ஏன்? ஒரு கணத்தை எடுத்துக்கொண்டால், ஒரு நிரல் செயலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது ஓடாமல் இருக்கும். பாதி ஓட்டம் என்பது கிடையாது. விழுக்காடு என்பது ஒரு கால இடைவெளியின் சராசரியே. டாப் வழக்கமாக 3 விநாடிக்கு ஒருமுறை கணக்கிடுகிறது. ஒரு நிரல் அதற்குள் 0.3 விநாடி மட்டும் முழுமூச்சாக ஓடிவிட்டு உறங்கினால், திரையில் தெரிவது வெறும் 10 விழுக்காடு!

சரி, அந்த ஓட்ட நேரத்தை அளப்பது எப்படி? பழைய லினக்ஸில் கடிகாரத் துடிப்பு ஒன்று விநாடிக்கு 100 முறை எழும். அப்போது எந்த நிரல் ஓடுகிறதோ, அதன் கணக்கில் 0.01 விநாடி முழுவதும் ஏறிவிடும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், கண்டக்டர் புதுச்சத்திரத்தில் மட்டும் எழுந்து, அங்கே இருப்பவர்களிடமே முழுத் தூரத்துக்கும் கட்டணம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முந்தைய நிறுத்தமான ஆலப்பாக்கத்தில் இறங்கியவருக்குச் செலவே இல்லை. புதுச்சத்திரத்தில் ஏறியவருக்கோ நஷ்டம்!

இது கற்பனை அன்று. துடிப்புக்குச் சற்று முன்பாக ஒதுங்கிக்கொள்ளும் நிரல், செயலகத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டும் கணக்கில் சிக்காமல் தப்பலாம் என்று சஃப்ரிர், எட்சியன், ஃபைடல்சன் ஆகிய மூவர் 2007இல் செய்து காட்டினர். அதே ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.6.23, ஒவ்வொரு நிரலும் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் குறித்து, நானோவிநாடி அளவில் கணக்கிடத் தொடங்கியது.

வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவை எழுதாத விடைக்கு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மதிப்பெண் குறைக்கிறோம். கணிப்பொறிக்கு மட்டும் ஏன் சலுகை? அதுவும் ஓர் அளவுகருவிதானே! "எவ்வளவு நேரத்துச் சராசரி? எப்படி அளந்தது?" என்ற இரு கேள்விகளையும் கணிப்பொறி வகுப்பிலும் கேட்கப் பழக்க வேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். டாப் ஓடும்போது 'டி' விசையை அழுத்தி, இடைவெளியை 1 விநாடியாக்குங்கள்; பிறகு 10 ஆக்குங்கள். அதே நிரல், அதே வேலை. எண் மட்டும் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு தீர்ப்புக் கூறலாம்.