காலை மது விற்பனைக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் மதுக்கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மூட வேண்டும். 2016 மே 23 அன்று மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற நாளிலேயே, காலை 10 மணி என்றிருந்த திறப்பு நேரத்தை ஜெயலலிதா நண்பகலுக்குத் தள்ளி வைத்தார். கொரோனாக் காலத்தில் நேரம் மாறியது. 2021 நவம்பரில் மீண்டும் நண்பகலுக்கே வந்தது. ஆணை இன்றும் இருக்கிறது. விற்பனை விடியற்காலையில் தொடங்குகிறது.

கடையின் ஷட்டர் மூடியிருக்கிறது. அதை ஒட்டிய பாரின் பக்கக் கதவு திறந்திருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்புறமும் சந்தைக்குப் பக்கத்திலும், வேலைக்குக் கிளம்பியவர்கள் கூடுதல் விலை கொடுத்துக் குவார்ட்டர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். சேலம், தருமபுரி பக்கம் இதற்கெனச் சந்துக்கடைகளே நடக்கின்றன. எந்தச் சந்து, எந்த வீடு, எத்தனை மணிக்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைக்குத் தெரிந்தது காவல் ஆய்வாளருக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்தேதான் நடக்கிறது.

2023 மே மாதம் தஞ்சாவூர் கீழலங்கத்தில், கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே பாரில் மது வாங்கிக் குடித்த இருவர் இறந்தார்கள். அந்த மதுவில் சயனைடு இருந்தது என்று ஆய்வு சொன்னது. பாருக்குச் சீல் வைத்தார்கள். விஷம் எப்படி வந்தது என்பது புலனாய்வுக்குரிய கேள்வி. அந்த நேரத்தில் மது எப்படி வந்தது என்பது நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இரண்டு பேர் செத்து விழுந்த பிறகுதான் அந்தப் பாரின் கதவு அதிகாரிகளின் கண்ணில் பட்டது. சாகாமல் எழுந்து போயிருந்தால் மறுநாளும் அதே நேரத்தில் அதே விற்பனை நடந்திருக்கும்.

பாருக்கு மது விற்கும் உரிமையே கிடையாது. தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டிகளைச் சேகரிக்கவும் மட்டுமே அதற்கு ஏலம் விடுகிறார்கள். அப்படியென்றால் காலை 6 மணிக்குப் பாரில் விற்கும் புட்டி எங்கிருந்து வந்தது? முந்தைய இரவு டாஸ்மாக் கடையிலிருந்துதான் வந்தது. இந்த மாநிலத்தில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு புட்டியிலும் அரசின் ஹாலோகிராம் ஒட்டியிருக்கிறது. எந்தக் கடைக்கு எந்தச் சரக்கு போனது என்று கிடங்கில் கணக்கு இருக்கிறது. ஒருவருக்கு இத்தனை புட்டி என்ற வரம்பை மீறிப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தால்தான் காலை வியாபாரம் நடக்கும். கொடுத்தவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிதல் தேவையில்லை. மாவட்ட மேலாளர் ஒரு வாரம் காலையில் எழுந்து தம் கடைகளைச் சுற்றி வந்தால் போதும்.

சுற்றி வருவதில்லை. எப்போதாவது நடவடிக்கை என்று வந்தால், விற்ற பையன் மீது வழக்கு, கடை விற்பனையாளருக்குப் பணியிடை நீக்கம். பாரை ஏலம் எடுத்த ஆள் தப்புகிறார். மண்டல மேலாளர் தப்புகிறார். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு தப்புகிறது. கலால் உதவி ஆணையர் தப்புகிறார்.

இந்த அலட்சியத்துக்கு வேர் கோட்டையிலேயே இருக்கிறது. 2023 ஜூலையில், மதுவிலக்குத் துறையைக் கையில் வைத்திருந்த அமைச்சர் சு. முத்துசாமி, காலையில் குடிப்பவர்களைக் குடிகாரர்கள் என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று பேசினார். 90 மில்லி லிட்டர் மதுவைக் காகிதக் குடுவையில் தரலாமா, கடையை முன்னதாகத் திறக்கலாமா என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பியது. எதிர்ப்பு வந்தது. பேச்சு அடங்கியது. அந்த மனப்பான்மை அடங்கவில்லை.

உழைப்பவன் அலுப்புக்குக் குடிக்கிறான் என்கிறார்கள். சாக்கடைக்குள் இறங்குகிறவன் குடிக்காமல் எப்படி இறங்குவான் என்று கேட்கிறார்கள். அவரை இறக்கக் கூடாது என்பதுதான் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதை நிறைவேற்ற வேண்டிய அரசு, அவருக்குக் காலையில் ஒரு குவார்ட்டரை நியாயப்படுத்துவது வெட்கக்கேடு. காலையில் கண் விழித்ததும் கை நடுங்குவது அலுப்பு அல்ல, நோய். குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா என்பது, போதை மீட்பு மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. ஆம் என்று தலையாட்டுகிறவருக்கு மருந்தும் மருத்துவமனைப் படுக்கையும் வேண்டும். 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு திறந்தது. அப்போது மதுக்கடைகள் ஏறத்தாழ 4,800. நோயைக் கொடுக்க ஊருக்கு ஒரு வாசல். ஆற்றிக்கொள்ள மாநிலம் முழுவதற்கும் 25 வாசல்.

பொதுச் சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பகலில் குடித்தவன் ஊர்க் கண்ணுக்கு அஞ்சி ஒதுங்கிய காலம் இருந்தது. இன்று பட்டப்பகலில் பேருந்து நிறுத்தத்தில் விழுந்து கிடப்பவரைத் தாண்டிக்கொண்டு போகிறோம். திரைப்படம் அவரைக் காட்டிச் சிரிக்க வைக்கிறது. மேஸ்திரி வேலைக்கு ஆள் பிடிக்கக் குவார்ட்டர் வாங்கித் தருகிறார். அரசியல் கட்சிகள் பொதுக்கூட்டத்துக்குப் பகலிலேயே பிரியாணியோடு புட்டியும் கொடுத்து ஆள் சேர்க்கின்றன. எந்தக் கட்சியும் இதில் விலக்கல்ல. மேடையில் மதுவிலக்கு, மேடைக்குப் பின்னால் மது விநியோகம்.

இதற்கெல்லாம் விலை கொடுப்பவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். காலை 8 மணிக்குக் குடித்தவர் 10 மணிக்குச் சாரத்தின் மேல் நிற்கிறார். பகலில் குடித்தவர் பள்ளி விடும் நேரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். அன்றைய கூலி கைக்கு வரும் முன்பே பாதி செலவாகிவிட்டது. அடுப்பு எரிய வேண்டுமே என்று வாசலில் காத்திருக்கும் பெண்ணுக்கு டாஸ்மாக் எந்தக் கணக்கும் வைத்திருக்கவில்லை.

அது வைத்திருக்கும் கணக்கு வேறு. 2022-23-இல் மது வருவாய் 44 ஆயிரம் கோடி ரூபாய். 2023-24-இல் 45 ஆயிரம் கோடியைத் தாண்டியது. 2024-25-இல் 48 ஆயிரம் கோடியைத் தாண்டியது. 500 கடைகளை மூடியதாக அரசு 2023 ஜூனில் பெருமை பேசியது. மூடிய பிறகும் வருவாய் ஏறியது. ஏறும் வருவாயைக் கெடுக்க எந்த அதிகாரிக்கும் துணிவில்லை. நண்பகல் ஆணை செத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

இனியும் சுற்றறிக்கை வேண்டாம். நேரத்துக்கு முன் விற்பனை நடந்த பாரின் உரிமத்தை அன்றே ரத்து செய்ய வேண்டும். அந்தப் பாரை ஏலம் எடுத்தவர் மாநிலத்தில் வேறெங்கும் ஏலம் கேட்கக் கூடாது. சரக்கு கொடுத்த கடையின் மேற்பார்வையாளர் மட்டுமல்ல, அவருக்கு மேலே இருக்கும் மாவட்ட மேலாளரும் அந்த எல்லைக்குட்பட்ட காவல் ஆய்வாளரும் பதில் சொல்ல வேண்டும். கடை திறக்கும் நேரத்தை மாலைக்கு மாற்ற வேண்டும். நண்பகலைக் காக்கத் தவறியவர்கள் மாலையை எப்படிக் காப்பார்கள் என்றால், பதவி போகும் என்ற அச்சம் வந்தால் காப்பார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மதுவிலக்குத் துறை சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பை வைக்கிறது. வருவாய் அட்டவணை அதில் தவறாமல் இடம்பெறுகிறது. அடுத்த குறிப்பில் அந்த அட்டவணைக்குக் கீழேயே, நண்பகலுக்கு முன் விற்றுப் பிடிபட்ட பார்கள் எத்தனை, உரிமம் இழந்தவர்கள் எத்தனை பேர், தண்டிக்கப்பட்ட அதிகாரிகள் எத்தனை பேர் என்பதையும் மாவட்டம் மாவட்டமாக அச்சிட்டு அவையில் வைக்க வேண்டும்.